பாலத்தில் கேட்ட ஹாரன்

புயல் மழையில் ஓடைப் பாலம் மதியம் மூன்று மணிக்கு இடிந்து விழுந்தது. எங்கள் மலையூருக்கு வேறு பாதை கிடையாது. பழனிக்குப் பூண்டு ஏற்றிப் போயிருந்த கதிர்வேல் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியோடு வீடு வந்து சேர்ந்தார்.

“எப்படிங்க வந்தீங்க?” என்று கேட்டாள் அவர் மனைவி சிவபாக்கியம்.

“பாலத்து மேலதான். இந்தக் கரையில சனங்க நின்னாங்க. ஹாரன் அடிச்சேன், பாறையோரமா ஒதுங்கி வழி விட்டாங்க.”

அவள் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது.

மறுநாள் வெள்ளனே வண்டியை வாசலில் நிறுத்திப் பூட்டிவிட்டு இருவரும் நடந்து போனார்கள். பாலத்தின் நடுவே அறுபதடிக்கு ஒன்றுமில்லை. அவருடைய டயர் தடம் அந்தக் கரை விளிம்போடு நின்று, இந்தக் கரை விளிம்பில் மறுபடி தொடங்கியது.

“எனக்கே ஒண்ணும் வெளங்கல” என்றார் கதிர்வேல்.

அப்போது நடுப்பள்ளத்திலிருந்து ஹாரன் கேட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சனங்கள் பழக்கத்தில் பாறையோரமாக ஒதுங்கினார்கள்.

“நம்ம வண்டி ஹாரன் இல்ல இது?” என்றார். சாவி அவர் கையில் இருந்தது.

சிவபாக்கியம் அவரைப் பாறைப் பக்கம் இழுத்தாள்.

“ஒதுங்குங்க. நேத்து நீங்க வீடு வந்து சேரணும்ல.”