வீட்டுக்கு மட்டும் வேண்டாம்

இசக்கிதுரை ஏணியில் ஏறி வந்த வேகத்திலேயே, வாசலில் அடுக்கியிருந்த தோல் பைகளை எட்டி உதைத்தான். பைகள் சரிந்து கீழே தாராவிச் சந்தில் போய் விழுந்தன. உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“நசீர் யாருல?”

பட்டறை முதலாளி ஷாகுல் ஹமீது பதறி எழுந்தார். “நசீரா? அவரு இப்போ...”

“இல்லன்னு மட்டும் சொல்லாதயும் பாய்.” இசக்கிதுரை அவர் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். “சொன்னா நேரா அவன் வீட்டுக்குள்ள பூந்து தேடுவேன். போன வாரம் செம்பூர்ல ஒருத்தி அப்படித்தான் சொன்னா. பரண்ல கெடந்தவன இழுத்துட்டு வந்து நடுத்தெருவுல போட்டு மிதிச்சேன்.”

மூலையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்தான். முப்பது வயது இருக்கும். மெல்ல எழுந்து முன்னால் வந்தான்.

“அவர விடுங்க அண்ணாச்சி. நான்தான் நசீர்.”

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

முதல் அடியிலேயே அவன் உதடு கிழிந்தது. அடுத்த உதையில் மிஷின் மேல் போய் விழுந்தான். பலகையில் கிடந்த மரச்சுத்தியலை எடுத்து, இசக்கிதுரை அவன் விலாவில் ஓங்கிப் போட்டான்.

“கிரெடிட் கார்ட ஓசின்னு நெனச்சியால? தேய்க்கும்போது இனிச்சுதோ? ஒரு மாசமா போனு ஸ்விட்ச் ஆஃப். காட்கோபர் வீட்டையும் காலி பண்ணிட்ட.”

‘இன்னிக்கும் வெறுங்கையோட வந்தா நாளைலருந்து வராதே’ என்று வசூல் ஏஜென்சி மேனேஜர் காலையில்தான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தான். அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் சுத்தியலில் இறங்கியது.

“பூரா ஆஸ்பத்திரி பில்லு, மருந்துக்கடை பில்லு. ஆளு கல்லு மாதிரி இருக்க. யாருக்குல இம்புட்டு மருந்து?”

அவன் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, பாக்கெட்டில் இருந்த வாரக் கூலியை அப்படியே எடுத்து நீட்டினான்.

“மிச்சத்த மாசாமாசம் நானே கட்டுதேன் அண்ணாச்சி. வீட்டுக்கு மட்டும் போகாதீங்க.”

“இது வட்டிக்கே காணாது.” பணத்தைப் பிடுங்கிக்கொண்ட இசக்கிதுரையின் போன் சிணுங்கியது. ஏஜென்சியிலிருந்து மெசேஜ். படித்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“பொண்டாட்டி பேரு ஹபீபாதானே? முகுந்த் நகர்ல இருக்காளாம். காதுல கழுத்துல ஏதாச்சும் கெடக்கும்லா? நாலு பேரு பாக்கக் கதவ ஒடச்சாத்தான் நீ வழிக்கு வருவ.”

சொல்லிவிட்டு ஏணிப் பக்கம் திரும்பினான். ஒரு படிகூட இறங்கவில்லை.

அதுவரை பிணம் மாதிரி அடி வாங்கியவன் பின்னாலிருந்து பாய்ந்து அவனைத் தரையில் சாய்த்தான். இசக்கிதுரையின் தலை இரும்பு ஏணியில் மோதியது. கண் தெளிந்தபோது, அவன் நெஞ்சின் மேல் ஒரு முழங்கால் அழுந்திக்கொண்டிருந்தது. தொண்டையில் தோல் வெட்டும் கத்தி. சில்லென்று பட்ட இடத்தில் சூடாக ரத்தம் வழிந்தது.

“அந்தக் கதவத் தொட்டா அறுத்துருவேன்!”

“விட்ருப்பா, பாவத்தக் கட்டிக்காத!” என்று முதலாளி கத்தினார். யாரும் பக்கத்தில் வரத் துணியவில்லை.

இத்தனை வருஷத்தில் இசக்கிதுரை மீது யாரும் கை வைத்ததில்லை.

“ஏ... எடுல கத்திய. பொண்டாட்டிய ஒரு வார்த்தை சொன்னதுக்குக் கொலை பண்ணுவியா?”

அவன் பிடி தளர்ந்து, கத்தி தரையில் விழுந்தது. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“அவ என் தங்கச்சி, அண்ணாச்சி. நசீர அடக்கம் பண்ணி நாப்பது நாள்கூட ஆகல.”