பார்க்காமல் பிடிக்கிறவர்

"இன்னைக்கு நீங்க வாயைத் திறக்கக் கூடாது, மாமா. ஆப்பிளை எறிங்க, போதும்" என்றாள் பிர்யே, கைப்பேசியை முக்காலியில் பொருத்தியபடி.

வாம்போலாவுக்குச் சுருக்கென்றது. ஆப்பிள் வாளியோடு அப்படியே நின்றார்.

"என் குரல் உன்னை என்ன பண்ணுச்சு?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீடியோவுக்குக் கீழே எழுதுகிறார்களாம். ஒவ்வொரு முறையும் ஆப்பிளை எறியும்முன் ஓரத்திலிருந்து 'நோஹ்' என்று உறுமுகிற கிழவர் யார், தொந்தரவாக இருக்கிறது என்று. இன்று நேரலை வேறு. வெட்டவும் முடியாது.

எஸ்தோனியாவின் இந்த வில்யாண்டி ஊரில் ஆளைக் கூப்பிடவும் 'நோஹ்'தான், அலுத்துக்கொள்ளவும் 'நோஹ்'தான். அதைக்கூட இவர் சொல்லக் கூடாதாம்.

பிர்யேயின் சித்தப்பா எல்மார் மரத்தடியில் தயாராக நின்றார். ஒரு காலத்தில் எஸ்தோனிய அணியின் கோல்கீப்பர். இன்று இணையத்தில் மூன்று லட்சம் ரசிகர்கள். சனிக்கிழமைதோறும் பிர்யே தலைநகர் தாலினிலிருந்து வந்து எடுத்துப்போடும் வீடியோதான் காரணம். எல்மார் எங்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆப்பிள் பறந்து வரும். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையால் பிடிப்பார். 'என்ன ஒரு திமிர், என்ன ஒரு அழகு' என்று ஜப்பானிலிருந்தெல்லாம் எழுதினார்கள்.

வாம்போலாவுக்கு வயிறு எரிந்தது. அதே அணியில் பதினோரு வருடம் மாற்று கோல்கீப்பராக பெஞ்சில் உட்கார்ந்தவர் அவர். அத்தனை வருடத்தில் இந்த எல்மாருக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. பயிற்சியில் அவருக்குப் பந்து எறிந்தே இவர் தோள் தேய்ந்தது. இப்போது ஆப்பிள். போன வாரம் கறுப்பு ரொட்டி வாங்கப் போன இடத்தில் கடைக்காரப் பெண் ஆசையாக இவரை நிறுத்தி, பக்கத்து வீட்டு எல்மாரிடம் ஒரு கையெழுத்து வாங்கித் தரச் சொன்னாள்.

"பாக்காமப் பிடிக்கிறது ஒரு வித்தையா? பாத்துப் பிடிக்கச் சொல்லு, பாப்போம்" என்று முணுமுணுத்தார்.

"உங்களுக்குப் பொறாமை, மாமா."

"ஆமா. பொறாமைதான்."

நேரலை தொடங்கியது. வாம்போலா ஒரு ஆப்பிளை எடுத்துக் கையில் உருட்டினார். பேசாமல் எறிந்தால் போதும். நீ சொன்னதைத்தானே செய்தேன் என்று கைகழுவிவிடலாம். அப்புறம் அந்த மூன்று லட்சம் பேரும் என்ன எழுதுவார்கள் என்று நினைக்கவே இனித்தது. கையை ஓங்கினார்.

எல்மாரின் கை காற்றில் நீண்டே நின்றது.

"வாம்போலா, இருக்கியாடா?" என்றார் மெல்ல.

வாம்போலாவின் கை அந்தரத்தில் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நோஹ்!" என்று தோட்டமே அதிர உறுமிவிட்டு எறிந்தார். ஆப்பிள் எல்மாரின் உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது.

பிர்யே கைப்பேசிக்குப் பின்னாலிருந்து முறைத்தாள். வாம்போலா கண்டுகொள்ளாமல் அடுத்த ஆப்பிளை எடுத்தார். விஷயம் தெரிந்தால் அவள் இன்றைக்கே சித்தப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள். இரண்டு வருடமாகப் பார்வையே இல்லாத எல்மாருக்கு, ஆப்பிள் கிளம்பிவிட்டது என்று சொல்ல அந்த 'நோஹ்' ஒன்றுதான் இருந்தது.