பதினொரு நிமிடம்

சர்வரின் கடிகாரம் பதினொரு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் அதைப் பார்த்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பொறுப்பாளன் தன் கைக்கடிகாரத்தோடு இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தான். பில் சீட்டில் நேரம் தப்பாக வருகிறது என்று மருந்துக் கவுன்ட்டரில் முணுமுணுத்ததால்தான் பார்க்க வந்திருந்தான்.

நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் மென்பொருளைப் போன மாதம் மாற்றியது அவன்தான். இரண்டு நாள் படித்து, ஒப்பிட்டுப் பார்த்து, பழையதை நீக்கிவிட்டு க்ரோனி என்ற புதியதைப் போட்டான். நல்ல தேர்வுதான். விநாடி பிசகாமல் ஓடியது.

சர்வர் அணைந்து எழும்போது க்ரோனியும் தானாக எழ வேண்டும் என்று ஒரு வரிக் கட்டளை கொடுத்திருக்க வேண்டும். அதைத்தான் மறந்துவிட்டான்.

போன வாரம் மின்சாரம் போய் வந்தது. சர்வர் எழுந்தது. க்ரோனி எழவில்லை. உள்ளே பேட்டரியில் ஓடும் சின்னக் கடிகாரம் சொன்ன தப்பு நேரத்தையே சர்வர் எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை எட்டாம் படுக்கைக்காரர் இறந்தார்.

படுக்கையருகே இருந்த கருவி அலறியது பத்து இருபதுக்கு. அதற்குத் தனிக் கடிகாரம். அது சரியாக இருந்தது. நர்ஸ் வந்து சேர்ந்ததாகச் சர்வரில் பதிவானது பத்து முப்பத்தொன்றுக்கு.

அந்தப் பதினொரு நிமிடம் எங்கே போனாய் என்று மூன்று பேர் உட்கார்ந்து அவளை மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டதும் ஓடினேன் என்றே அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் எங்கும் போகவில்லை.

திரையில் இருந்ததை அப்படியே அச்செடுத்தான். வேலை போனால் போகட்டும் என்று படியிறங்கி ஓடினான்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டதாம். தாமதமாக வந்தது தன் தப்புதான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாளாம்.

"தப்பு உங்க மேல இல்ல சிஸ்டர். கம்ப்யூட்டர்லதான் நேரம் தப்பு. நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேன்."

அவன் நீட்டிய காகிதத்தை வாங்கிப் படித்தாள். மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்காக உங்க வேலையக் கெடுத்துக்காதீங்கண்ணா. ஓடித்தான் போனேன்னு நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்ப நல்லா ஞாபகம் வருது. வழியில நின்னு தண்ணி குடிச்சேன். ஜன்னல்கிட்ட கொஞ்ச நேரம் வெளிய பாத்துக்கிட்டு நின்னேன்."

எந்த ஜன்னல் என்றுகூடச் சொன்னாள்.