வளைவில் ஒரு படி

நாவலாசிரியை காலையிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை.

கட்டுரைத் தொகுப்பு வந்து மாதம்கூட முடியவில்லை, அதற்குள் வாசகர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். இத்தனை நாவல் எழுதியபோது ஏறெடுத்துப் பார்க்காத உலகம்!

'கீழே இருக்கும் சலவைக் கடையின் ஆவி வாசனை எனக்கே வந்தது.'

'அந்தப் பச்சைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரலாம் போலிருந்தது.'

நாவலில் என்றால் அவள் வாய் கூசாமல் பொய் சொல்வாள். கட்டுரையில் மட்டும் கூடாது என்று ஒரு பிடிவாதம். கதவு பச்சை என்றால் பச்சைதான். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் எழுதவில்லை, அது போதும் என்று நினைத்துவிட்டாள், பாவி மகள்.

தங்கைதான் போனில் கத்தினாள். "அக்கா, அந்த மனுஷன் கண்ணுல படக்கூடாதுன்னு ஊர் மாறி வந்துட்டு, வீட்டையே படம் வரைஞ்சு குடுத்திருக்கியே!"

"போடி, அவராவது படிக்கிறதாவது! பொண்டாட்டியா இருந்தப்பவே நான் எழுதினதை ஒரு பக்கம் புரட்டினதில்ல."

உண்மைதான். புரட்டியதில்லை. கிழித்திருக்கிறான், அடுப்பில் போட்டிருக்கிறான். ஒருநாள் அதே அடுப்பில் அவள் கையையும் வைத்து அழுத்தினான்.

தங்கைக்கு மனசு ஆறவில்லை. சாயங்காலம் நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

வாசகர்களுக்குக் கொள்ளைப் பிரியம் மாடிப்படிக் கட்டுரை மேல்தான். வளைவில் ஒரு பலகை ஆணி கழன்று கிடக்கிறது. மிதித்தால் டமார் என்று வீடே அதிரும். வருகிற ஆள் எவனானாலும் மிதித்தே தீருவான். சத்தம் கேட்டதும் எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போடுவாள், அதுவரை கதவு வெறுமனே சாத்தியிருக்கும். அவள் மட்டும் சுவரோரமாகக் கால் வைத்துத் தாண்டிப் போவாள். வீட்டுக்காரர் ஆணி அடிக்க வந்தபோதுகூட, அது என் காவல் நாய், தொடாதீர்கள் என்று துரத்திவிட்டாளாம். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள்.

தங்கை ஒவ்வொரு முறையும் மறந்துபோய் மிதிப்பாள். வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே மிச்சப் படிகளை ஏறுவாள்.

மாலையில் இன்னொரு கருத்து வந்தது. பெயர் இல்லை, படம் இல்லை.

'இத்தனை வருஷம் உங்கள் எழுத்தைப் படிக்காமல் விட்டது என் தப்பு. இப்போது ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன்.'

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நன்றி சொல்லி எழுதிக்கொண்டிருந்தபோதே கீழே கம்பிக் கதவு கிறீச்சிட்டது.

தங்கை வந்துவிட்டாள் என்று டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

காலடிச் சத்தம் நிதானமாக ஏறி வந்தது. இதோ வளைவு. டமார் என்று அதிரும், பின்னாலேயே வசவு வரும். சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

பலகை சத்தம் போடவில்லை.

காலடி மட்டும் மேலே வந்து, தாழ்ப்பாள் போடாத பச்சைக் கதவுக்கு வெளியே நின்றது.