நாலு நாற்பது

விண்ணரசிக்கு நெஞ்சுவலி விடிகாலை நாலு நாற்பதுக்கு வரும். கால் மணி நேரத்தில் போய்விடும். மன்னார்குடியில் அவள் பார்த்த டாக்டரின் கிளினிக் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். மூன்று முறை ஈசிஜி எடுத்தார்கள். மூன்றும் நார்மல்.

"கேஸ் ட்ரபிள்தாம்மா. வலிக்கும்போது வந்தா எடுத்துப் பார்க்கலாம்," என்றார் டாக்டர்.

"அப்ப வலிய ஒம்பது மணிக்கு வரச் சொல்லட்டுமா?" என்று கத்தினாள் விண்ணரசி. மாத்திரைச் சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

நடவு முடிந்த வாரம், நாலு நாற்பதுக்கு வந்த வலி விடவில்லை. மகள் லின்சி ஆட்டோவுக்குப் போன் பேசி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு மறுநாள் காலை டாக்டர் கிளினிக் பூட்டைத் திறந்தார். ஈசிஜி மெஷினில் ஒரு தாள் தொங்கியது. பெயர் விண்ணரசி, வயது 52, நேரம் 4:40. கோடு, மாரடைப்பில் ஏறுவதுபோல் மேலேறியிருந்தது. படுக்கை விரிப்பில் வயல் சேறு. மறுநாளும் தாள் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி வைத்தார். அதற்கு மறுநாளும் இருந்தது.

ஏழாம் நாள் ஏழு தாள்களோடு லின்சியைத் தேடி வந்தார்.

"நெஞ்சு ரத்தக்குழாய் திடீர்னு இறுக்கிப் பிடிச்சிருக்கும்மா. பிடி விட்டதும் ஈசிஜியில ஒண்ணும் தெரியாது. அம்மா பேருக்கு மாதா கோயில்ல ஒரு பூசை வைங்க."

லின்சி பேனாவை நீட்டினாள்.

"பூசை இருக்கட்டும். முதல்ல இது கேஸ் ட்ரபிள் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அதுக்குத்தான் அம்மா தினமும் வர்றாங்க."

எழுதினார். பேனா நின்றது.

"எந்தத் தேதி போடட்டும்?"

"எங்கம்மா உயிரோட உங்ககிட்ட வந்த தேதியப் போடுங்க."