இரண்டு தப்பு

"பிள்ளைங்க எத்தன பேருண்ணே?"

"மூணு," என்றார் அர்ச்சுனன். ஜெலாப்பாங் முச்சந்தியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டையில் அடி. நெற்றியில் நாலு தையல் போட்டு, அவசரப் பிரிவுக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள்.

"ரெண்டுதான், டிரஸ்ஸரய்யா," என்றாள் அவர் மனைவி நல்லம்மாள்.

சவரிநாதன் நிமிர்ந்து பார்த்தார். எழுபத்து நாலில் தோட்டத்துக் கிளினிக்கில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வேலையை விட்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே அவர் மிஸ்டர் நாதன். டிரஸ்ஸர் என்று யாரும் கூப்பிடுவதில்லை.

டாக்டருக்குத் தமிழ் வராது. அடிபட்டவரிடம் சவரிநாதன் கேட்பார், சரியா தப்பா என்று வீட்டு ஆள் சொல்வார், அது தாளில் ஏறும். மண்டை உடைந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன மனிதருக்கு இதுவும் ஒரு கேஸ்.

"எல்லாம் சரியா சொன்னா இப்பவே வீட்டுக்குப் போலாம். தப்புனா கேஎல்லுக்கு அனுப்பி மூளைய ஸ்கேன் எடுக்கணும்லா," என்று நல்லம்மாளிடம் முதலிலேயே சொல்லியிருந்தார்.

"காலையில என்ன பசியாறுனீங்க?"

"இட்லி."

"இல்லீங்க, நாசி லெமாக்." அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அர்ச்சுனன் மனைவியை ஒரு மாதிரி பார்த்தார். "என்னா புள்ள..." என்று ஆரம்பித்தவர், தலை வலிக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு தப்பு. டாக்டர் கையெழுத்துப் போட்டார், ஆம்புலன்ஸ் கிளம்பியது.

கோலாலம்பூரில் ஸ்கேன் எடுத்தபோது மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது தெரிந்தது. உடனே ஆபரேஷன். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டாராம்.

மூன்றாம் வாரம் அர்ச்சுனன் மொட்டைத் தலையோடு தையல் பிரிக்க வந்தார். பின்னாலேயே நல்லம்மாளும் பிள்ளைகளும். மூன்று பிள்ளைகள், மூன்றுக்கும் அப்பாவின் அதே சப்பை மூக்கு.

சவரிநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளைத் தனியே கூப்பிட்டார்.

"என் தாள்ல பொய்ய எழுத வச்சிட்டீங்களே. அன்னிக்கு அவரு தெளிவாத்தான இருந்தாரு?"

"தெளிவாத்தான் இருந்தாரு."

"பெறகு ஏம்மா?"

"என் தம்பி ராஜு, தோட்டத்துல ரப்பர் பால் லோரியிலேருந்து விழுந்தான். கேட்டதுக்கெல்லாம் சரியா பதில் சொன்னான். மறுநாள் காலையில அவன் எந்திரிக்கல."

சவரிநாதனுக்கு அந்தப் பெயர் நினைவில்லை. அவள் முகத்தில் கோபத்தைத் தேடினார், அதுவும் இல்லை.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னது நீங்கதான், டிரஸ்ஸரய்யா."