திருத்தியவளின் எச்சரிக்கை

2058 டிசம்பர் 11. காலை ஆறு மணிக் காற்றழுத்தத்தை 1002 என்று தவறாகப் பதிந்துவிட்டேன். 1004 என்பதே சரி. ஏழு மணிக்குத் திருத்தினேன்.

நோட்டில் இப்படி எழுதியபோது, ஊர் வானிலைக் குழுவின் செயலியில் அந்தத் திருத்தம் தன் நம்பக மதிப்பெண்ணைக் குறைக்கும் என்று பவளக்கொடி நினைக்கவில்லை. மாலை வகுப்புக்குக் கிளம்பும்முன் மொட்டைமாடியில் கருவிகளைப் பார்த்தாள். அழுத்தம் மளமளவென்று இறங்கியிருந்தது. காற்று வலுத்தும் திசை மாறவேயில்லை. அப்படியானால் புயல் நேராக இங்கேதான் வருகிறது.

"நம்ம கரைக்குத்தான் வருது. படகையெல்லாம் மேட்டுல ஏத்திடுங்க" என்று வானிலைக் குழுவில் எழுதினாள்.

'இன்று திருத்தம் செய்தவர். செய்தி சரிபார்ப்பில் உள்ளது' என்றது திரை. வகுப்பில் இருந்தபடி, செய்தி இப்போது போய்விடும் என்று காத்திருந்தாள். அதே குழுவில் அளவு பதிந்தும் எதையுமே திருத்தியிராத தணிகாசலத்தின் "சாதாரண காத்துதான்" மட்டும் ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது.

இரவில் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் காலை, இரண்டாகப் பிளந்த தன் படகருகே நின்ற மீனவர் அந்தோணிசாமி கைப்பேசியை நீட்டினார்.

"உன் சேதி இப்பத்தாம்மா வந்துச்சு. படகை ஏத்தச் சொல்லுது. எந்தப் பாதிய ஏத்த?"

அவள் செய்தி வந்த நேரத்தைப் பார்த்தாள். "தணிகாசலம் சார் தப்ப ஒத்துக்கிட்டாராண்ணே?"

"அவரா? ஒத்துக்கிட்டா மார்க் போயிடுமே!"

அன்று மாலை நோட்டில் அழுத்தி எழுதினாள்:

நாளை ஆறு மணிக்கு அளவெடுக்க வேண்டும். தவறினால் திருத்த வேண்டும். பிறகு கரைக்கு நடந்துபோய் வாயால் சொல்ல வேண்டும்.